துறைமுகம் தரைமட்டம்

மதினி,

உங்கள் பழைய போனை அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டார். சார்ஜ் போட்டுத் திறந்தேன். அந்த அரபுச் செய்திச் சேனல்தான் முதலில் வந்து நின்றது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நீங்கள் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் வீட்டு வேலை பார்த்து, காதாலேயே அரபு கற்றவர்.

என் வேலை இன்னும் அதேதான். ஆவூர் வீட்டில் உட்கார்ந்தபடி, சென்னைச் செய்தித் தளம் ஒன்றுக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதிக்கொடுக்கிறேன். இன்றும் எங்கோ குண்டு விழுந்திருக்கிறது. அலுத்துவிட்டது மதினி.

உங்கள் மகன் வேலை பார்த்த வளைகுடாத் துறைமுகத்தில் குண்டு விழுந்த அந்த நண்பகல்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. 'துறைமுகம் தரைமட்டம்' என்று எங்கள் தளத்தில் தலைப்பு. அவன் போனை எடுக்கவில்லை. அவன் போய்விட்டான் என்றே முடிவுகட்டி, கேதம் கேட்கத் தெருப் பெண்கள் வந்தேவிட்டார்கள். கேத வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா? அவர்களைப் பார்த்ததும் நீங்கள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தீர்கள். வந்தவர்கள் உட்காருவதா போவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள்.

அரபுச் சேனலில் லேசான புகைதான், எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்றார்களாம். நீங்கள் நம்பவில்லை. ஆங்கிலத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டீர்கள். கச்சா எண்ணெய் விலை ஏறியதைப் படித்துச் சொன்னேன்.

"அவுக சனம் பயந்துரக் கூடாதுன்னு அவுக மூடுறாக. நாம பயந்தாத்தான் பாப்போம்னு நம்ம தமிழ்ச் செய்திக்காரவுக கொளுத்திப் போடுறாக. இங்கிலீஷ்காரவுகளுக்கு எண்ணெக் கவலை. எம்மவன் இதுல எதுல இருக்கான் தாயி?"



சாயங்காலம் அவனே வேறொருவர் போனிலிருந்து கூப்பிட்டான். குண்டு விழுந்தது ஒரு கிடங்கில். ஓடிய ஓட்டத்தில் போனைத் தொலைத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் நீங்கள் அழுதீர்கள். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது, எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம். சாப்பிடும்போது, அந்தத் தலைப்பை யார் போட்டது என்று கேட்டீர்கள். மெட்ராஸில் போடுவார்கள் என்றேன்.

"பாவம், நம்ம புள்ள அங்கிட்டு இருக்கான்னு அவுகளுக்கு என்ன தெரியும்?" என்றீர்கள்.

நீங்கள் நோயில் படுத்துக் கண்மூடும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இன்றைக்கும் தலைப்பில் சூடு போதாது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்று குண்டு விழுந்த இடத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் எதற்கு என்றார். அவர் கேட்டபடியே மாற்றிக் கொடுத்தேன்.

மெட்ராஸ்காரர்கள் போடவில்லை மதினி. நான்தான் போட்டேன். அவன் அந்தத் துறைமுகத்தில் இருப்பது எனக்குத் தெரியும். போடும்போது அவன் நினைவே வரவில்லை.