எழுதாமல் விட்ட ஒரு வரி

ஏப்ரல், கடைசி வெள்ளி

மதியம் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். "அடுத்த வருஷத்துக்கு உங்க வேலை ஆர்டர் இன்னும் வரலம்மா. வருமா வராதான்னு ஆபீஸ்லயும் சொல்ல மாட்டேங்கறாங்க. கவிநிலாவைப் பாத்துக்கிற விவரமெல்லாம் எழுதிக் குடுத்துடுங்க. யார் வந்தாலும் உதவும்," என்றார்.

கவிநிலா மூன்றாம் வகுப்பு. பேச்சு வராது, நடக்கவும் முடியாது. அவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு ஊட்டுவதும், கழிப்பறைக்குத் தூக்கிப் போவதும் உதவியாளரான நான்தான்.

உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சோற்றை நன்றாகக் குழைக்க வேண்டும், தண்ணீரைக் கரண்டியில்தான் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஒன்றுக்கு வந்தால் அவள் தன் காதைப் பிடித்து இழுப்பாள். அது தெரியாவிட்டால் என்னைத்தானே திரும்பக் கூப்பிட்டாக வேண்டும் என்று ஒரு நினைப்பு.

அரியலூர் பஸ்ஸில் ஏறிய பிறகு மனசு கேட்கவில்லை. புதிதாக வருகிறவளுக்குப் புரியாது. பிள்ளை காதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நனைந்த சீருடையோடு எல்லோர் நடுவிலும் உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸிலிருந்தே தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ அவசரம்? திங்கக்கிழமை சொல்லியிருக்கலாமே," என்றார்.

"அதுக்குள்ள என் மனசு மாறிட்டா என்னங்க பண்றது?" என்றேன்.

"நானே சேத்து எழுதிடறேன்மா," என்று வைத்துவிட்டார்.

ஆர்டர் வராததை வீட்டில் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் தூங்கிவிட்டார்.