கை நனைக்காத வீடு

இதை யாராவது எடுத்துப் படித்தால், தயவுசெய்து ஒருவரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். இது அம்மாவுக்கு எழுதுவது. அம்மா இப்போது இல்லை.

அம்மா, உன் கம்பெனி கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு துவைத்தும் மிஷின் எண்ணெய் வாசனை போகவில்லை. முன்பெல்லாம் நீ வேலையிலிருந்து வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இப்போது கோட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொள்கிறேன்.

நாளைக்குத் தளியில் பெரியப்பா மகள் ராதா அக்காவுக்குக் கல்யாணம். பெரியப்பா வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். "யாரும் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார் அப்பா. அவர் காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும் தளி பஸ் ஏறிவிடலாம் என்று பையைக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஏன் போக வேண்டும் என்று உனக்குத் தெரியும். தளியில் பங்கு நிலத்துப் போர்வெல் தண்ணீருக்காகச் சண்டை வந்து, பெரியப்பா மகன் எறிந்த கல்லில் அப்பாவின் நெற்றி பிளந்ததிலிருந்து, அந்த வீட்டில் நாமும் இந்த வீட்டில் அவர்களும் கை நனைப்பதில்லை. நம் ஆட்களுக்குப் பேசிக்கொண்டால் மட்டும் சமாதானம் ஆகிவிடாதே. அவர்கள் இங்கே வந்து சாப்பிட வேண்டும். நாம் அங்கே போய்ச் சாப்பிட வேண்டும்.

ஷிப்ட் முடிந்த களைப்போடு நீ பல தடவை தளிக்குப் போனாய். பெரியம்மா வழக்கம்போல் கன்னடத்தில் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டுவிடுவாராம். சாப்பிட்டாயா என்று கேட்டவர், சோறு போட முடியாமல் தலையைக் குனிந்துகொள்வாராம். சொல்லிச் சிரிப்பாய்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டி வந்தாய். களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். பெரியப்பா முதல் உருண்டையைப் பிட்டபோது அப்பா வேலையிலிருந்து வந்து நின்றார். தடுத்துவிடுவார் என்று பயந்து அவரிடம் நீ சொல்லவே இல்லை.

"வாடா, உக்காரு" என்றார் பெரியப்பா.

அப்பா உன்னைத்தான் பார்த்தார். "யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?"

அவர்கள் கை நனைத்தார்கள். நாம் திரும்பப் போகவில்லை. "எவன் உறவும் வேணாம், சண்டையும் வேணாம். நம்ம கேட்டுக்குள்ள நாம இருந்துக்கலாம்" என்றார் அப்பா. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை அம்மா. அடி வாங்கியவர் அவர். இன்றும் கண்ணாடி முன்னால் அந்தத் தழும்பைத் தடவுகிறார்.

பரீட்சைக்கு நான் சத்தமாகப் படித்ததும், நீ அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டதும் ஞாபகம் வருகிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ஜனாதிபதி கப்பலேறிப் பாரிசுக்குப் போனார். இனிப் போர் வராமலிருக்க நாடுகளுக்கெல்லாம் ஒரு சங்கம் வேண்டும் என்று பாடுபட்டார். சங்கம் அமைந்தது. அவருடைய நாட்டு செனட் சபை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரார் சண்டை நமக்கெதற்கு என்று அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது.

"போறதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்களைக் கலந்துக்கலையா அந்த மனுசன்?"

"எதிர்க்கட்சியில முக்கியமானவங்க யாரையும் கூடக் கூட்டிட்டுப் போகலையாம்மா. மிஸ் சொன்னாங்க."

"அட, என்னை மாதிரியே ஒரு ஆளு!" என்று சிரித்தாய். "அப்புறம் என்னடி ஆச்சு?"

"இன்னொரு உலகப் போர்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அடுத்த தடவை உங்கப்பாவைத்தான் முதல்ல கேக்கணும்" என்றாய்.

அடுத்த தடவை வருவதற்குள் காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்கும்போது பெரியப்பாவும் தோள் கொடுத்தார். ஒரே பாடையின் இரண்டு பக்கமும் அண்ணனும் தம்பியும் பேசாமல் நடந்தார்கள்.

எழுத எழுதத்தான் உறைக்கிறது. நானும் சொல்லாமல்தானே கிளம்பப் பார்க்கிறேன்? நான் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தாலும், அப்பா இங்கே கேட்டைப் பூட்டிக்கொண்டு தனியாகத்தான் இருப்பார். நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம்...

கதவைத் தட்டும் சத்தம்.

"பாப்பா, இன்னும் லைட்டு எரியுதே?"

அப்பா. பை கட்டிலின் மேலேயே இருக்கிறது. மறைக்கப் போவதில்லை அம்மா. நீங்களும் வாங்கப்பா என்று முதலில் அவரைத்தான் கேட்கப்போகிறேன்.