ஒரு குண்டும் தரையில் விழாமல்

பெப்ரவரி 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து பனி. இவர் வாசல் பனி வழிக்க இரண்டு தரம் போய்வந்தார். மத்தியானம் மகள் கயல் பிள்ளையோடு வந்தாள். ஆட்டிறைச்சி, பருப்பு, பயற்றங்காய். எல்லாம் நல்லபடி, பேஸ்மென்டுக்குப் போகும்வரை.

அங்கேதான் என் பச்சிங்கோ மெஷின்கள் இரண்டும். சுவரோடு நிற்கும் ஜப்பான் விளையாட்டு. கைப்பிடியைத் தட்டினால் உருக்குக் குண்டு மேலே பாயும். ஆணிகளில் முட்டி முட்டி இறங்கும். துளைக்குள் விழுந்தால் மணி அடித்து முன்தட்டில் குண்டுகள் கொட்டும். ஆடி முடிந்த குண்டுகள் பின்பக்கத்தால் விழும். பிடிக்க ஒரு ஐஸ்கிரீம் வாளி வைத்திருந்தேன். பாதி வாளிக்குள், மீதி துள்ளித் தரைக்கு.

பேத்தி ஆதினி இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறாள். சோபாவுக்கு அடியில் ஒன்று கிடந்திருக்கிறது. நேரே வாய்க்குள். கயல் கண்டு, விரலை விட்டு எடுத்தாள்.

"அம்மா, இனி இவளை இங்க விடேலாது. மெஷின் போகட்டும், இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கிறன்."

மார்ச்சில் அவளுக்கு வேலை தொடங்குகிறது. கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், இலையுதிர்காலத்தில்தான் பிள்ளைக்கு இடம். அதுவரை என்னிடம் என்றுதான் பேச்சு.

இவர்: "வித்துவிடுமன். அதில என்ன கிடக்கு."

"குண்டு நிலத்துக்கு வராமச் செய்யிறன். ஒண்டு வந்தாலும் நானே விக்கிறன்."

சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது. வேலையை விட்ட பிறகு எனக்கென்று நான் வாங்கியவை இந்த மெஷின்கள் மட்டும்தான். ஒரு பிரயோசனமும் இல்லை. அதனாலேயே பிடிக்கும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

மூக்கு விறைக்கிற குளிர். பஸ் பிந்தி.

வாங்கியவை: மழைப் பீலி (கூரைத் தண்ணி ஓடுகிற பிளாஸ்டிக் வாய்க்கால்), மூடியுள்ள வாளி, ஒட்டுப்பலகை, கதவுப் பிணைச்சல், கொளுக்கி. பசை வீட்டில் இருக்கிறது (காய்ந்திருக்கும்?).

கடைப் பெடியன் பிரெஞ்சில் கேட்டான்: "பனி உருகினதும் பூட்டவோ, மடாம்?" வீட்டுக்குள் பூட்ட என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கச்சியின் போன். "ஓமடி, குண்டு எல்லாத்தையும் ஒரு வாளிக்குள்ள சேர்க்கப் போறன்." முன்சீட்டில் இருந்த தமிழ் ஐயா மெல்லத் திரும்பிப் பார்த்தார். "பச்சிங்கோ" என்று விளக்கினேன். அது அவருக்கு இன்னும் மோசமாகக் கேட்டிருக்கும்.

பெப்ரவரி 14, சனி

பீலியை இரண்டு மெஷினுக்கும் பின்னால் சரிவாகப் பூட்டியாயிற்று. முதல் சோதனை. சரிவு போதாது, குண்டுகள் நடுவில் நின்றன. சரிவைக் கூட்டினேன். வாளியைத் தாண்டிப் பறந்தன.

இவர் படியில் நின்றபடி: "ஆறு நல்லா ஓடுது. கடலைத்தான் காணேல்லை."

கோபம். சிரிப்பும்.

பின்னேரம் கயலின் பழைய யோகா பாயை வெட்டிப் பீலிக்குள் ஒட்டினேன். வேகம் அடங்கியது. சத்தமும் அடங்கியது, தூரத்து மழை மாதிரி.

பெப்ரவரி 16, திங்கள்

வெயில், ஆனால் சூடில்லை. முதுகு உளைவு. வாளி மூடியில் துளை போட்டுப் பீலி நுனியை இறக்கினேன். பின்பக்கம் முழுவதையும் பலகையால் அடைத்துக் கதவும் கொளுக்கியும். இவர் பலகை பிடித்தார், கேட்காமலே.

குண்டு முழுவதையும் சமையல் தராசில் நிறுத்துப் போட்டு விளையாடினேன். பிறகு மெஷினுக்குள் நின்றதையும் வடித்து எடுத்து மறுபடி நிறுத்தேன். அதே நிறை!

"இஞ்ச பாருங்கோ."

"தராசு பழுதோ?"

அன்று பின்னேரம் அவருக்குக் கோப்பி கிடைக்கவில்லை.

பெப்ரவரி 21, சனி

கயல் சோதிக்க வந்தாள். பிள்ளையைத் தகப்பனோடு விட்டுவிட்டுத்தான். கைப்பிடியை அடி அடி என்று அடித்தாள். மணிக்கு மேல் மணி. முன்தட்டு நிரம்பி வழிந்து ஒரு குண்டு, ஒரே ஒரு குண்டு, டக்கென்று தரையில்.

இருவரும் அதையே பார்த்தபடி. நான் பின்பக்கத்தை மட்டும் யோசித்திருக்கிறேன். முன்பக்கம்!

"அம்மா…"

"ஒரு கிழமை தா."

"எனக்கு வேலை தொடங்குதம்மா."

"தெரியும். ஒரு கிழமை."

இரவு முன்தட்டுகளின் அகலத்தை அளந்து எழுதி வைத்தேன்.

பெப்ரவரி 24, செவ்வாய்

மீதிப் பீலித்துண்டை முன்தட்டுகளுக்குக் கீழே தொங்கவிட்டேன், ஓரம் உயர்த்தி. அதிலிருந்து பழைய வக்கியூம் கிளீனரின் குழாய் பின் வாளிக்கு. பிளாஸ்டிக் அறுக்கையில் பெருவிரலில் கீறல். பாண், முட்டை வாங்க மறந்தாயிற்று. முன்தட்டில் கை கையாக அள்ளிக் கொட்டினேன். எல்லாம் குழாய்க்குள். இன்னொரு தரம். இன்னொரு தரம்.

இவர் வந்து, தானும் ஒரு கை அள்ளிக் கொட்டினார். பிறகு இன்னொரு கை.

பெப்ரவரி 28, சனி

பனி உருகி வாசல் எல்லாம் சேறு.

கயல் இரக்கமே காட்டவில்லை. அடித்தாள், கொட்டினாள், மெஷினை உலுக்கிக்கூடப் பார்த்தாள். பிறகு தரையில் குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தில் சோபாவுக்கு அடியில் தேடினாள். கிடைத்தவை: கச்சான் கடலைக் கோது, ஒரு காலுறை. தராசில் அதே நிறை.

"சரி" என்றாள். "திங்கள் காலமை கொண்டு வாறன்." அவ்வளவுதான். பாராட்டு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகாமல் இருந்து விளையாடினாள்.

நான் தேத்தண்ணி கொண்டு இறங்கினேன். போனில் யாரோ வேலைச் சிநேகிதியோடு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டியபடி. "இல்லை, அப்பா இல்லை. அம்மா… ஓம், அம்மாதான் யோசிச்சுச் செய்தவ. வந்து பார், நம்பமாட்டாய்."

படியிலேயே நின்றேன். முழுவதையும் கேட்டேன்.