வாளியில் கரைந்த இலை

பெயரெழுதி ஒட்டாமல் ஒரு கல்லையும் அலமாரியில் வைக்காத என் தங்கை ஸ்டெல்லாவுக்கு,

நீ போன பிறகு முதல் கல்லறைத் திருநாள் வந்து போனது. படப்பையில் உன் கல்லறையை நானே தேய்த்துக் கழுவினேன். உன் வீட்டுக்காரர் பளபளவென்று கறுப்பு கிரானைட் போட்டிருக்கிறார். ஆயுள் முழுக்கப் படிவுப் பாறையோடு குடித்தனம் நடத்தியவளை, நெருப்பில் பிறந்த கல்லுக்குக் கீழே படுக்கவைத்துவிட்டோம். கடையில் வேறு கல் இல்லையாம். மன்னித்துவிடு.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த இலைக்கல் நினைவிருக்கிறதா? வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்கு மண் பரிசோதிக்கப் போனபோது, அஸ்திவாரக் குழியிலிருந்து கொண்டுவந்தாயே, பெரணி இலை பதிந்த களிப்பாறை. ‘நான்சிக்கு’ என்று மகள் பெயரை அதில் ஒட்டியிருந்தாய். நீ அவளுக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.

கல்லறையைக் கழுவிய கையோடு உன் வீட்டுக்குப் போனேன். அலமாரி முழுக்கத் தூசி. தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன் தூசியைக் கண்டால் சும்மா இருப்பானா? எல்லாக் கற்களையும் ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நீ நடத்திய வகுப்பை நான் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும். “உடைஞ்சு வந்தது, கரைஞ்சு வந்தது, உயிர் விட்டுச் சேர்ந்தது. படிவுப் பாறை மூணே வகைதாண்ணே. மத்ததெல்லாம் நம்ம சொந்தக்காரங்க மாதிரி, உள்ளுக்குள்ள சண்டை.” உடைந்து வந்ததிலும் கூழாங்கல், மணல், சேறு என்று அளவு பார்த்துப் பிரிப்பாய். சேற்றில் சந்தேகம் வந்தால் ஒரு துளி எடுத்துப் பல்லில் கடிப்பாய். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. கட்டிக்கொடுத்த வீட்டில் மண் தின்கிறாள் என்று உன் மாமியார் என்னிடம் முறையிட்டார்.

திரும்பி வந்து வாளிக்குள் கைவிட்டேன். மணற்பாறை இருந்தது. சிப்பி பதிந்த சுண்ணாம்புக் கல் இருந்தது. இலை இல்லை. விரலிடுக்கில் சேறு வந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலிறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நான்சி அப்போதுதான் வந்தாள். சொல்லிவிட்டேன்.

“இன்னா மாமா பண்ணிக்கினு கீறீங்க? அதுக்கு அம்மா ஈரத்துணிகூட காட்ட மாட்டாங்களே!”

“கல்லுதானேன்னு நெனச்சிட்டேன்மா.”

“கல்லுதான். ஆனா சேறு இறுகுன கல்லு மாமா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வாளிக்குள் விரல்விட்டு ஒரு துளி எடுத்தாள். பல்லில் வைத்து மெதுவாகக் கடித்தாள்.

“வழுக்குது. களிதான்,” என்றாள். நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை அவளுக்கு நீ எப்போது சொல்லிக்கொடுத்தாய், ஸ்டெல்லா?

“ஊத்திடாதீங்க மாமா. இருக்கட்டும்.”

வாளி இப்போது என் வீட்டுப் பின்பக்கம், மூடிபோட்டு இருக்கிறது. மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அடியில் வழவழவென்று ஒரு படிவு. களி கடைசியில்தான் படியும், அதற்கு அசையாத தண்ணீர் வேண்டும் என்பாய். அது மறுபடி கல்லாக மேலே பாரம் வேண்டும், காலம் வேண்டும். இரண்டில் பாரம் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

அந்த வாளியை யாரும் அசைக்க விடமாட்டேன். நான்சி பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உன் கல்லைக் கரைத்த அண்ணன்,
அருளப்பன்