கோப்பையின் அடியில் கறுப்புக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

தக்காளியை நறுக்கினேன் என்று எழுதினால் பொய். நசுக்கினேன். இடது மணிக்கட்டின் மாவுக்கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு நாளாகிறது. கேன்டீன் மேனேஜர் போனில் சொல்லிவிட்டார்: "இருபத்தெட்டாம் தேதி வந்து ஒரு கூடை வெங்காயம் வெட்டிக் காட்டுங்கக்கா. முடிஞ்சா ஒன்னாந்தேதிலேருந்து உங்க எடம் உங்களுக்கு." பதினாறு வருஷம் அங்கே வெட்டிய கைக்குப் பரீட்சை. இருக்கட்டும்.

மார்ச் 5

மொக்கையாக இருப்பது கத்தி, என் கை இல்லை. சாணைக்கல் வாங்கி வந்தேன். கேன்டீனில் தீட்டித் தர ஆள் வருவார். நான் தொட்டதே இல்லை. வீட்டுக்காரர் கல்லைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "சும்மா உக்காந்திருக்கக் கூடாதா?" இருபத்தேழு வருஷம் கூட இருந்தும் தெரியாதா, எனக்குச் சும்மா உட்கார வராதென்று?

மார்ச் 6

கல்லைத் தண்ணீரில் போட்டு, குமிழி நிற்கும்வரை விட்டேன். நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. வலது கை கத்தியைத் தள்ள, இடது விரல்கள் மேலே அழுத்த வேண்டும் — வலி உயிர் போயிற்று. ஒரு பக்கம் தேய்த்து, விளிம்பில் பிசிறு எழுந்ததும் மறுபக்கம். செய்தித்தாளைச் சர்ரென்று கிழித்தது. நான் கெட்டிக்காரி.

மார்ச் 7

காலை நடை போய் வந்து வெங்காயம் எடுத்தால், கத்தி வழுக்குகிறது. ஒரே நாளில் எப்படி மழுங்கும்?

மார்ச் 11

சாயங்காலம் தீட்டுகிறேன், காலையில் மழுங்கியிருக்கிறது. "உனக்கு அது கைவரல, விடு" என்கிறார். விட மாட்டேன்.

மார்ச் 14

விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசித் தீட்டிப் பார்த்தேன். மை ஒரே சீராகப் போயிற்று. கோணம் சரி. அப்படியானால் கோளாறு என்னிடம் இல்லை. கழுவித் துடைத்து, மறுபடி கறுப்புப் பூசி, வாயைத் திறக்காமல் வைத்துவிட்டேன்.

மார்ச் 15

நடை போய் வந்தேன். விளிம்பில் மை இல்லை. இவருடைய டீக்கோப்பை கவிழ்ந்திருந்தது. அடியில் சொரசொரப்பான வளையத்தில் கறுப்புக் கோடு.

ஒன்பது நாளா என் கையத்தானே சந்தேகப்பட்டேன்.

கோப்பையை அவர் முன்னால் வைத்தேன். கறுப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "நீ விழுந்து கெடந்தத நான்தானே பாத்தேன். கத்தி கூரா இருந்தா பயமா இருக்கு."

"நான் விழுந்தது படியில. படியயும் இடிச்சிருவீங்களா?"

பயம்னா எங்கிட்ட சொல்லணும். திருட்டுத்தனமா கத்தியக் குத்தா வெச்சுக் கோப்பையில தேச்சு மழுக்கிட்டு, கைவரலன்னு எனக்கே ஆறுதல் வேற. அழுதேன். பின்னால் இல்லையென்று நானே மறுக்கக் கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16

கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டம்ளரில் குடிக்கட்டும்.

மார்ச் 22

வீட்டிலுள்ள ஐந்து கத்தியும் தீட்டியாயிற்று. தினமும் வெங்காயம். இவர் கண்ணில் நீர் வழிய டம்ளரில் டீ குடிக்கிறார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 28

என் கத்தியோடு போனேன். கூடை காலி. கடைசிப் பத்து வெங்காயம் மெதுவாகத்தான் போயிற்று, மணிக்கட்டு வீங்கிவிட்டது. மேனேஜர் பார்த்தார். "ஒன்னாந்தேதி வந்துருங்கக்கா." இவரிடம் வந்து சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 1

காலையில் கத்தி துணியில் சுற்றிப் பைக்குள் இருந்தது. நான் வைக்கவில்லை. சந்தேகத்தில் ஒரு தக்காளியை எடுத்தேன். தானாக இறங்கியது. கல் ஈரமாக இருந்தது, இவர் விரல் நுனியெல்லாம் மார்க்கர் மை. ஒரு பக்கம் மட்டும் தேய்த்து, பிசிறை அப்படியே விட்டிருக்கிறார்.

"மறுபக்கம் யாரு தேய்ப்பாங்க?"

"ரெண்டு பக்கமுமா?"

நின்றுகொண்டே ஐந்து நிமிஷத்தில் மறுபக்கத்தைத் தீட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அலமாரியைத் திறந்து, அவர் கோப்பையில் டீயை ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.