என் கண்மேல் உன் பஞ்சு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்த நர்ஸ் பெண், ஒரு நீல உறையைப் பிரித்துப் பஞ்சை எடுத்து என் கண்ணோரம் துடைத்தாள். இன்னொரு கண்ணால் உறையைப் பார்த்தேன். உன் கம்பெனிப் பஞ்சு. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் என்னைச் சும்மா விட உனக்கு மனம் வரவில்லை.

"என்ன டீச்சர், எரியுதா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. நல்ல பஞ்சு" என்றேன். எரிந்தது கண் இல்லை.

மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் வகுப்பில் நாம் ஒரே பெஞ்சு. மார்க்கில் எப்போதும் நான் முன்னால். படித்து முடித்ததும் நான் ராஜபாளையத்தில் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தேன். நீயோ, மில்களில் கழித்துப்போடும் பஞ்சை வாங்கி ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்யப்போவதாகக் கிளம்பினாய்.

செடியில் விளைந்த பஞ்சின்மேல் மெல்லிய மெழுகு இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அந்த மெழுகு போனால்தான் இரத்தத்தை உறிஞ்சும். அதற்குக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுக்க வேண்டும். எது எவ்வளவு, எத்தனை சூடு என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளி ஆய்வகத்தில் நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். வெளுத்த துணுக்கைத் தண்ணீரில் போட்டோம். கல் மாதிரி மூழ்கியது. நீ என் கன்னத்தைக் கிள்ளி, "ஏட்டி, நீ படிச்சவதான்!" என்றாய். வேலை அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

உன் கொட்டகையில் அதே அளவைப் பெருக்கிப் போட்டாய். பஞ்சு மஞ்சளாக வந்தது. விரலால் இழுத்தால் பொடிந்தது. அடுத்த முறையும் அப்படியே. வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துவிட்டுத்தான் நீ அதில் இறங்கியிருந்தாய். ஒரு பை நிறையக் கெட்ட பஞ்சோடு ஆய்வகத்துக்கு வந்து நின்றாய்.

"ஓங் கணக்குல எங்கயோ தப்பு இருக்குட்டி."

"எங் கணக்கு சரி. நீ அளந்த லெச்சணம் அப்படி."

உன் எதிரிலேயே மறுபடியும் செய்து காட்டினேன். பால் மாதிரி வெளுத்தது. எனக்குச் சந்தோஷம்தான். நீ அந்த பீக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு கேட்டாய்: "ஏட்டி, இந்தக் கண்ணாடி துருப் பிடிக்குமா?"

உன் தொட்டி பழைய இரும்புத் தொட்டி. துரு பட்டதும் பெராக்சைடு கண்டபடி சிதைந்து, பஞ்சை வெளுப்பதற்குப் பதிலாக இழையை அரித்துவிட்டது. நானோ வருஷா வருஷம் பெராக்சைடில் ஒரு கறுப்புப் பொடியைத் தூவி, அது இதே மாதிரி நுரைத்துச் சிதைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கைதட்டல் வாங்கியவள். அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் இது. பின்னால் வந்த உன் காரோ மாடி வீடோ எனக்குப் பெரிதில்லை. என் பீக்கரில் நான் பார்க்காததை நீ பார்த்தாயே, அதுதான்.

நாலு பேருக்குச் சாம்பார் வைக்கத் தெரிந்தவள், அதே அளவைப் பெருக்கிக் கல்யாணப் பந்திக்கு வைத்தால் என்ன ஆகும்? அடி பிடிக்கும், மேலே வேகாது. துருப்பிடிக்காத தொட்டி வாங்கிய பிறகும் உனக்கு அதேதான் நடந்தது. சூடு ஏறவில்லை, பொதியின் நடுவே மருந்து இறங்கவில்லை. கெட்டதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டாய். எனக்கு ஒருமுறை சரியாக வந்தால் போதும். உனக்குத் தினமும் சரியாக வர வேண்டியிருந்தது.

"வேலைய விட்டுட்டு வாயேன். பீக்கர் ஒனக்கு, தொட்டி எனக்கு" என்றாய்.

"பென்ஷன் வேலைடி. எங்க வீட்டுல அவிய என்ன சொல்லுவாவளோ."

"அவியட்ட நான் பேசுதேன். நீ வருவியா, அதச் சொல்லு."

நான் வரவில்லை. பிறகு உன் லாரி பள்ளி வாசலைத் தாண்டும் சத்தம் கேட்டால், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எதையாவது எழுதுவேன். நீயாவது என்னை மறந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும் என் கையைப் பிடித்து இழுத்துப்போய், "எங்க பஞ்சு இவ பீக்கர்லதான் பொறந்துச்சு" என்று ஊருக்கே சொன்னாய். குறை சொல்ல ஓர் இடம்கூட நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.

அந்த நீல உறையை நர்ஸ் பெண் என்னிடமே கொடுத்தனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துணுக்கைக் கிள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டேன். ஒரே ஒரு தடவை மிதக்கட்டுமே என்றுதான் இருந்தது எனக்கு. மூழ்கிவிட்டது. புதுக் கண்ணுக்கு டம்ளரின் அடி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

சொட்டு மருந்து விடும் வேளையெல்லாம் உன் பஞ்சால்தான் கண்ணைத் துடைக்கிறேன். துடைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு தடவையும், ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன்.