குப்பைக்குப் போன பிரசவ லேகியம்

அத்தை,

இன்றைக்குக் காலை இரண்டாவது வரிசையில் ஒரு பை நின்றுபோயிற்று. எக்ஸ்ரே திரைக்கு முன்னால் இருந்த பெண் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். போய்த் திறந்தேன். மூடியைச் சுற்றித் துணி, துணிக்கு மேலே ரப்பர் பேண்டு, அதற்கும் மேலே பாலித்தீன் பை என்று கட்டிய ஒரு பாட்டில். மூடியைத் தொடக்கூட இல்லை, சுக்கும் ஓமமும் நெய்யும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல்.

விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வரிசைகளுக்கு நான் லீட் ஆபீசர் என்பது உங்களுக்குத் தெரியும். லீட் ஆபீசர் என்றால் என்ன? நாள் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்வது. "தண்ணியா, கூழா எதுவும் நூறு மில்லிக்கு மேல கைப்பையில போகாதுங்க." அதற்கு நாள் முழுக்க வரும் பதிலும் ஒன்றுதான். "இது தண்ணி இல்லங்க, தயிரு." பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் குலமானமே போன மாதிரி பார்ப்பார்கள். சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மெட்டல் டிடெக்டர் கதவைத் தாண்டிவிட்டு, கதவு கத்தியதற்கு என்னை முறைப்பார்கள்.

லீவுக்கு நம் ஊர் போலகத்துக்கு வரும்போதெல்லாம் இதையேதான் அடுப்படியில் நின்று புலம்புவேன். நீங்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே டிவி சீரியலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் பேசி முடித்ததும், "குக்கர் எத்தன விசில் வந்துச்சு?" என்பீர்கள். என் உத்தியோகத்துக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் உங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. நீங்கள் முதன்முதலாக விமானம் ஏறக் கிளம்பினீர்கள். லேகியத்தைப் பெரிய பெட்டியில் வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "பொட்டியத் தூக்கி எறிவான். பாட்டிலு ஒடைஞ்சா சேலையெல்லாம் நெய்யாயிடும்" என்றீர்கள். பிறகு சரி சரி என்று தலையாட்டினீர்கள். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு வரிசையில் நிற்கும்போதே பாதிப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டீர்கள். "என் மருமவதான் இங்க பெரிய ஆபீசரு. அவ சொன்னாத்தான் யாரும் உள்ள போவ முடியும்." அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் பையிலிருந்து பாட்டில் வெளியே வந்தது.

"அத்தை, இது போகாது."

"மருந்தும்மா. பச்ச ஒடம்புக்காரிக்கு."

"தெரியும் அத்தை. கைப்பையில ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"ஊரான் வூட்டுக்கா கொண்டுபோறேன்? ஒன் நாத்தனாருக்குத்தானே?"

பக்கத்தில் டியூட்டியில் நின்ற பெண், "மேடம், நம்ம அம்மாதானே, விட்டுடலாமா?" என்று காதோரம் கேட்டாள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இன்னொரு அம்மாவின் நெய் டப்பாவை எடுத்து வைத்திருந்தேன். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகனிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அவர் ஊருக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டார். விமானத்துக்கும் அழைத்துவிட்டார்கள். என் கையாலேயே பாட்டிலைத் தொட்டியில் போட்டேன்.

பையில் ஒரு பிஸ்கட் டப்பாவும் இருந்தது. இது என்ன என்றேன்.

"பொரிவிளங்கா உருண்ட, மாப்பிள்ளைக்கு. அதையும் தூக்கிப் போடு, ஒனக்கு மனசு ஆறட்டும்."

திறந்து பார்த்தேன். மாவில் புரட்டிய உருண்டைகள். லேகிய வாசனை அடித்தது. பாட்டில் பிடித்த கையின் வாசனை என்று நினைத்து மூடிக் கொடுத்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, பாட்டில் கதையை ஊர் முழுக்கச் சொன்னீர்கள். பட்டினத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், முன்பின் தெரியாத ஒரு அம்மா, "நாத்தனாருக்குப் போன மருந்தக் குப்பையில போட்ட பொண்ணு நீதானா?" என்று கேட்டார். பாதி இலையில் எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு நானும் உங்களோடு குழம்பு, ரசம் தாண்டி எதுவும் பேசவில்லை. நாத்தனார் மேல் பொறாமையில் பிடுங்கினேன் என்று நினைக்கிறீர்களா என்று ஒரு நாள் நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். போன வருஷம் ஒரு காலையில், காபி ஆறுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

கருமாதிக்கு நாத்தனார் வந்திருந்தாள். வெட்கத்தில் நான் அவளிடம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அன்றைக்குக் கொல்லையில் பாத்திரம் துலக்கும்போதுதான் சொன்னேன், "ஒனக்கு மருந்து இல்லாமப் பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காத" என்று.

அவள் விழித்தாள். "என்ன அண்ணி சொல்றீங்க? நாப்பது நாளும் தின்னேனே!"

"எத?"

"அம்மாதான் பாதி லேகியத்த இன்னும் கிண்டி இறுக்கி, உருண்ட புடிச்சு, மாவுல பெரட்டி எடுத்தாந்துச்சே. 'கூழா இருந்தா விடமாட்டா, கெட்டியா இருந்தா விட்டுருவா, அவதான் ஒவ்வொரு லீவுக்கும் வந்து பொலம்புறாளே'ன்னுச்சு."

"அப்புறம் பாட்டில் எதுக்கு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'மனசு கேக்கல, கேட்டுப் பாத்தேன். நல்லவேள விடல, விட்டிருந்தா அவ வேலைக்கே ஒல வச்சிருப்பேன்'னு சிரிச்சுச்சு."

அத்தை, இரண்டு வருஷம்! பாட்டில் கதையைப் பட்டினம் வரைக்கும் பரப்பிய வாய், டப்பா கதையை மட்டும் எப்படி முழுங்கியது? அதற்குப் பொரிவிளங்காய் என்று பொய்ப் பேர் வேறு. லேகிய உருண்டை என்று சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேனே, கெட்டியாகத்தானே இருந்தது! என் புலம்பலை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறீர்கள். அதை என்னிடம் ஒரு தடவை காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? துலக்கிய பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். மாமியாரை நினைத்து அழுகிறாள் என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். அது பொய்யும் இல்லை.

இன்றைக்கு லேகியத்தோடு வந்த அம்மாவின் மகன் வாசலிலேயே நின்றிருந்தான். பாட்டிலை அவனிடம் சேர்க்கச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே உங்கள் பார்வை.

"அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் கிண்டி, உருண்ட புடிச்சு, மாவுல பெரட்டிக் கொண்டாங்கம்மா. நானே விடுறேன்."

"லேகியமாவது, உருண்ட புடிக்கிறதாவது! நிக்குமா? எவ சொன்னா ஒனக்கு?"

"எங்க அத்தை."

"அப்புடியா? வந்து புடிச்சுக் காட்டச் சொல்லு அவங்கள."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அத்தை. அதற்குத்தான் எழுதுகிறேன்.